உடையாததற்கு யார் விருந்து வைப்பார்கள்?

மோட்டார்மேல் புறங்கையை வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வந்ததும் கையை எடுத்து, "இவன் நல்லாத்தான் இருக்கான்" என்று மோட்டாரைப் பற்றி மோட்டாரிடமே சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

ஒதிலியா அக்கா எந்த இயந்திரத்தையும் உள்ளங்கையால் தொடமாட்டாள். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. அதுவும் போக, எங்காவது மின்சாரம் கசிந்தால் உள்ளங்கை தானாக இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொண்டு வந்துவிடும். இதை ஆலையில் அத்தனை பேருக்கும் சொல்லியாயிற்று. கேண்டீன்காரரையும் விடவில்லை, அடுப்புக்கு மேலே ஓடுகிற ஃபேனைத் தொட்டுக் காட்டியே சொன்னாள். சூடு பார்க்கிற கருவி இடுப்பில் தொங்கும். அதையும் பிடிப்பாள், ஆனால் கையை வைத்த பிறகுதான். "கருவிக்கு பேட்டரி தீரும். எனக்கு ஓய்வு வர்ற வரைக்கும் தீராது" என்பாள்.

ஐம்பத்து மூன்று வயது, குள்ளம், வலைத்தொப்பிக்குள் அடக்கிய தலைமுடி. ஒரு அளவு பெரிதான சாம்பல் நிற வேலை உடுப்பு, கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பாள். பையில் இரண்டு துணிகள். நீலத் துணியால் கிரீஸ் அடிக்கிற முனையைத் துடைத்து, அடித்து, பிறகு வெள்ளைத் துணியால் மறுபடி துடைப்பாள். வெள்ளைத் துணியில் கறுப்பு பட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பாடு திண்டாட்டம். "இவனுக்கு வாய் ஒழுகுதே, நீ பாக்கவே இல்லையா? எங்க பாத்துட்டு நின்ன?" மோட்டார், பம்பு எல்லாம் அவளுக்கு 'அவன்'. பாய்லர் மட்டும் 'அவள்'. ஏன் என்று கேட்டேன். "பொறுமையா இருக்காளே, அதுலயே தெரியல?" என்றாள்.

இப்படி அவள் சுற்றி வருகிற இடங்கள் இருநூற்றுப் பதினொன்று. கரும்பு வந்து விழும் மேடையில் தொடங்கி, அரவை உருளைகள், சாறு இறைக்கும் பம்புகள் என்று போய் கடைசியில் என்னிடம் வருவாள். நான் மூன்றாம் பாய்லர் ஆபரேட்டர், பத்தொன்பது வருடமாக. என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, 'குண்டன்' என்றால் ஊருக்கே தெரியும். மே மாதம் அரவை தொடங்கினால் அக்டோபர் வரை எங்கள் சர்க்கரை ஆலை நிற்காது, எங்களுக்கும் மூச்சு விட நேரமிருக்காது. ஆனால் பாய்லர் வாசலில் நாங்கள் ஒரே குடுவையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக் கைமாற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தால், நீட்டிய குடுவையைத் தொடவே மாட்டாள். "சுத்திட்டு இருக்கும்போது வாய்க்கு வேலை குடுத்தா காது மந்தமாயிடும்." ஒரு மடக்குத்தானே அக்கா என்றால் முறைப்பாள். பெரிய இம்சை, உள்ளதைச் சொல்கிறேன். தன் அண்ணன் மகள் கல்யாணத்தில்கூட எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க, இவள் மண்டபத்துக்குப் பின்னால் போய் ஜெனரேட்டர்மேல் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கேக் வெட்டுகிற நேரத்தில் கரண்ட் போகும் என்றாள். பயந்துபோய் கேக்கை முன்கூட்டியே வெட்டினார்கள்.

முதலில் அவள் சாக்குத் தைக்கிற பிரிவில்தான் இருந்தாள். அங்கே தையல் இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும், பட்டறை ஆட்கள் வந்து பிரித்து மாட்டிவிட்டுப் போவார்கள், திரும்ப மக்கர் பண்ணும். யாரும் கவனிக்காத ஒன்றை இவள் கவனித்தாள்: எப்போதும் திங்கட்கிழமைதான் கெடுகிறது. ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது? சுத்தம் செய்கிறோம் பேர்வழி என்று காற்றுக் குழாயைப் பிடித்து ஊதுகிறார்கள். தூசி போகிறதென்று அவர்கள் நினைக்க, சர்க்கரைத் தூள் அத்தனையும் உள்ளே பேரிங்குக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து பாகாகி உட்கார்ந்துகொள்கிறது. "காத்த நிறுத்துங்க, பிரஷ்ஷால தள்ளுங்க" என்றாள். அவ்வளவுதான், அந்த அரவை முழுக்க இயந்திரம் கெடவில்லை. அப்போதிருந்த மேலாளர் விவரமானவர், இவளைத் தூக்கிச் சுற்றி வரும் வேலையில் போட்டார்.

அப்படிப்பட்டவளுக்கு யாராவது கைதட்டினார்களா? அதுதான் இல்லை. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிதாக ஏதாவது உடைந்து, பட்டறை ஆட்கள் தூங்காமல் கொள்ளாமல் சரிசெய்துவிட்டால், நிர்வாகம் விருந்து வைக்கும். பாதி மாடு நெருப்பில் வாட்டப்படும், ஒயின் வரும், கிட்டார் வரும். பட்டறைத் தலைவர் ருஃபினோ அல்பார்னோஸ், உடைந்த சாமானைப் பெரிய மீன் பிடித்தவர்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். போன வருடம் இரண்டாம் அரவை உருளையின் பல்சக்கரம் உடைந்தபோதும் அப்படித்தான் நின்றார். ருஃபினோவைக் குறை சொல்லவில்லை, அந்த மனிதர் முப்பது மணி நேரம் உட்காரவே இல்லை. ஒதிலியா அக்கா தட்டோடு ஓரமாக நின்று, "அந்தப் பல்சக்கரம் போன மாசமே கத்துச்சு. எழுதிக் குடுத்தேன். உடைஞ்சதுக்கு விருந்து வைக்கிறீங்க, சரி. உடையாததுக்கு யாருய்யா விருந்து வைப்பா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். வாய் நிறைய இறைச்சியோடு நானும்தான் சிரித்தேன்.

இந்த ஆகஸ்டில், எங்கள் பக்கம் அது குளிர்காலம், மூன்று நாள் தொடர்ந்து உறைபனி விழுந்தது. குருத்து கருகிப்போனால் பதினைந்து நாளுக்குள் கரும்பைப் பிழிந்தாக வேண்டும், தவறினால் சாறு புளித்துவிடும். பயிர் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெட்டி அனுப்பினார்கள். லாரி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் போனது. அதற்குச் சில வாரம் முன்பே என் பாய்லரின் புகையை இழுத்துச் சிம்னிக்கு அனுப்புகிற பெரிய ஃபேன், அக்காவின் கண்ணில் பட்டிருந்தது. காதில் பட்டது என்று சொல்ல வேண்டும். நம் காதுக்கு எட்டாத சத்தத்தைப் பிடித்து எண்ணாகக் காட்டுகிற கருவி ஒன்று வைத்திருக்கிறாள். அந்த ஃபேனின் பேரிங் எப்போதும் இருபத்தெட்டு காட்டும். ஒரு வாரத்தில் முப்பத்தாறு ஆனது. மூன்றாவது வாரம், லாரிகள் வரிசைகட்டி நின்ற அதே வாரம், நாற்பத்தைந்து.

காலைக் கூட்டத்தில் நேராகவே கேட்டாள். "வியாழக்கிழமை காலைல ஏழுலேர்ந்து மூணு மணி வரைக்கும் மூணாம் பாய்லர நிறுத்திக் குடுங்க. பேரிங் மாத்தணும்."

மூன்றாம் பாய்லர் நின்றால் நீராவி போதாது, ஆலையே நிற்கும். இஞ்சினியர் நஸீஃப் இப்போதைய மேலாளர். கெட்டவரில்லை, ஆனால் அந்த வாரம் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வெளிய லாரி நிக்கறத பாத்தீங்களா? இப்பப் போய் எட்டு மணி நேரம் கேக்கறீங்களே."

"பாத்ததாலதான் எட்டு மணி நேரம் கேக்கறேன். தானா உடைஞ்சா ஷாஃப்டையும் சேத்து இழுத்துட்டுப் போகும். புது ஷாஃப்ட் வர மூணு வாரம். அதுக்குள்ள கரும்பு எல்லாம் புளிச்சிடும்."

ருஃபினோ நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்மா, நல்லா ஓடிட்டு இருக்கறத எதுக்கு நிறுத்தணும்? உடைஞ்சா பாத்துக்கலாம், நாங்க எதுக்கு இருக்கோம்?"

"விருந்து சாப்பிட இருக்கீங்க."

முதலில் சிரித்தது ருஃபினோதான். நஸீஃப் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரி, நிறுத்தறேன். ஆனா ஒண்ணு. திறந்து பாத்து பேரிங்ல ஒண்ணும் இல்லன்னா, உங்க சுத்தற வேலை அதோட முடிஞ்சுது. திரும்பச் சாக்குத் தைக்கற பக்கம் போயிடணும். மேல இருக்கறவங்களுக்கு நான் வேற என்ன பதில் சொல்ல?"

"சரி" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"மூணு வாரமா யோசிச்சுட்டேன், இஞ்சினியர் சார்."

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மத்தியான ஷிப்டில், என் மச்சினன் அன்செல்மோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான். அவன் கரும்பு லாரி வரிசையில் அறுபத்துச் சொச்சமாவது இடத்தில் நின்றது. வெட்டி ஆறு நாள் ஆகிவிட்டது. "குண்டா, நாளைக்கி ஆலைய நிறுத்தப் போறாங்களாமே. நான் செத்தேன். நீ பாய்லர்லதானே இருக்க, ஏதாவது பண்ணு" என்றான். திரும்பி வந்து அந்த ஃபேனைப் பார்த்தேன். அக்காவும் ஞாபகத்துக்கு வந்தாள். அந்த பேரிங் கொஞ்சம் அடங்கினால் நிறுத்த வேண்டாம், மச்சினன் பிழைத்துக்கொள்வான், அக்கா பந்தயம் கட்ட வேண்டாம், அவள் வேலையும் தப்பும். எல்லாருக்கும் நல்லது என்று என் மண்டை கணக்குப் போட்டது. கிரீஸ் கன்னை எடுத்து ஒரு டியூப் முழுவதையும் அந்த பேரிங்குக்குள் ஏற்றினேன். அதற்குள் என் காதுக்கே கேட்க ஆரம்பித்திருந்த லேசான கீச்சுச் சத்தம் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. இவ்வளவுதானா விஷயம் என்று நிம்மதியாக மாத்தே குடித்தேன். முட்டாள்.

வியாழக்கிழமை காலை, நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை ரீடிங் பார்க்க வேண்டும் என்றார் நஸீஃப். அவர், ருஃபினோ, பட்டறை ஆட்கள் இரண்டு பேர், நான், எல்லாரும் ஃபேனைச் சுற்றி நின்றோம். அக்கா கருவியை வைத்தாள். இருபத்து நாலு.

ருஃபினோ மெல்ல விசில் அடித்தார். அக்கா கருவியைத் தட்டிப் பார்த்து மறுபடி வைத்தாள். இருபத்து நாலு. பிறகு புறங்கையை வைத்தாள். எட்டு வரை எண்ணுகிறவள், மூன்றிலேயே கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து, பேரிங் மூடியின் அடியில் வெள்ளைத் துணியை ஓட்டினாள். புதுக் கிரீஸ், பிதுங்கி வெளியே வழிந்திருந்தது.

"யாரு கிரீஸ் அடிச்சது?"

நான் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸீஃபுக்கு முகம் தெளிந்துவிட்டது. "யார் அடிச்சா என்ன, ரீடிங் இறங்கிடுச்சே. சந்தோஷம். நாம அன்னைக்கி ஒண்ணும் பேசிக்கவே இல்லன்னு வெச்சுக்குவோம். நிறுத்தவும் வேணாம், நீங்க சாக்குப் பக்கம் போகவும் வேணாம். வழக்கம்போல உங்க சுத்தலப் பாருங்க."

உள்ளே எனக்கு உயிர் வந்தது. கணக்கு சரியாகிவிட்டது அல்லவா. ஒத்துக்கொள் அக்கா, ஒத்துக்கொள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் கையை வெள்ளைத் துணியில் துடைத்தாள். "கத்தறவன் வாயில துணிய அடைச்சிருக்காங்க. வலி போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. புதுக் கிரீஸ் ஒரு நாள் சத்தத்த அமுக்கும், அவ்வளவுதான். அளவுக்கு மேல அடைச்சதுல இப்ப சூடு வேற ஏறிப்போச்சு. கைய வெச்சுப் பாருங்க." யாரும் வைக்கவில்லை. "நிறுத்துங்க" என்றாள்.

"ஒதிலியா, நான் சொன்னது அப்படியேதான் இருக்கு" என்றார் நஸீஃப். குரலில் மிரட்டல் இல்லை, எச்சரிக்கைதான்.

"இருக்கட்டும்."

பொத்தானை அழுத்தியது நான்தான். ஃபேன் சுழன்று சுழன்று ஓய ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அரவைப் பக்கமும் ஒவ்வொன்றாக அடங்கியது. அரவைக் காலத்தில் ஆலை அமைதியானால் ஊரே திரும்பிப் பார்க்கும். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

பிரித்து எடுக்கப் பதினோரு மணி ஆகிவிட்டது. அதுவரை அக்கா உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல நின்றாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, பின்னால் கட்டிய விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. ருஃபினோ பேரிங்கை இழுத்து எடுத்தபோது ஒரே கிரீஸ் உருண்டை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தார். "பளபளன்னு இருக்கேம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். நஸீஃப் தரையைப் பார்த்தார்.

"மண்ணெண்ணெயில அலசுங்க" என்றாள் அக்கா.

அலசினார்கள். வெளி வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்த ருஃபினோவின் கை ஓரிடத்தில் நின்றது. கட்டைவிரல் நகம் அளவுக்கு எஃகு உரிந்து பள்ளமாகியிருந்தது. உருளைகளைப் பிடித்துவைக்கிற கூடு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அவர் அதில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே நின்றார். நாற்பது வருடமாக உடைந்த சாமான்களையே பார்த்தவர், உடையப்போகிற ஒன்றை அன்றைக்குத்தான் கையில் வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "சனிக்கிழமையக்கூட இது பாத்திருக்காது, இஞ்சினியர்" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "இதுக்கு விருந்து நான் வைக்கறேம்மா" என்றார்.

அக்கா அங்கே கவிழ்ந்து கிடந்த வாளிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷமா, வெட்கமா, தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஃபேன் மறுபடி ஓடியது. மேலிடம் ஓயவில்லை. எட்டு மணி நேரம் நின்றதற்கு அறிக்கை வேண்டும், காலையில் ரீடிங்கை இறக்கி ஆலையையே ஏமாற்றப் பார்த்தது யார் என்று பெயரும் வேண்டும் என்றார்கள். நஸீஃப் படிவத்தைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். "கடைசிக் கட்டத்துல பேரு எழுதியே ஆகணும். எவனா இருந்தாலும் அவனுக்கு நாளைலேர்ந்து ஆலைக்குள்ள இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் பேசிப் பாத்தேன், கேக்கல. யார் பேரா இருந்தாலும் அவ்வளவுதான்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா படிவத்தை என் மேஜைமேலேயே விரித்து எழுத ஆரம்பித்தாள். பாய்லர் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"அக்கா."

"ம்."

"அந்தக் கிரீஸ் நான்தான்."

"தெரியும். உன் ஷிப்டு, உன் பாய்லர். வேற எவன் வருவான் இங்க?" தலையை நிமிர்த்தவில்லை. "எத்தனை பம்ப் அடிச்ச?"

"டியூப் முழுசும்."

பேனா நின்றது. "முழுசுமா? நானூறு கிராமையும்? அடப்பாவி." பிறகு, "எதுக்கு?"

மச்சினனைப் பற்றிச் சொன்னேன். அவளுக்காகவும்தான் என்று சொல்லும்போது நாக்கு குழறியது. கேட்டுக்கொண்டாள்.

"இந்த பேரிங்குக்கு எவ்வளவு அடிக்கணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பத்தொம்பது வருஷமா இவன் பக்கத்துலயே நிக்கற. ஒருத்தர்கூடவா சொல்லல?"

"யாரு சொல்லுவா? நீதான் எதையும் தொடவே விடமாட்டியே."

வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. ஃபேன் பக்கம் திரும்பினாள். சுற்றி வருகிற எட்டு வருடத்தில் அந்த இருநூற்றுப் பதினோரு இடத்துக்கும் எவ்வளவு கிரீஸ் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. எங்களுக்குக் கேட்கவும் தோன்றியதில்லை.

திரும்பி உட்கார்ந்தாள். 'காரணம்' என்ற இடத்தில் எழுதினாள்: அளவுக்கு மீறிய கிரீஸ். எவ்வளவு போட வேண்டும் என்று பாய்லர் ஆட்களுக்கு எப்போதும் சொல்லித்தரவில்லை.

"அக்கா, என் பேர எழுது. எனக்கு ஒண்ணும் ஆகாது, லாரி ஓட்டிப் பொழச்சுக்குவேன்."

"சும்மா இரு, எழுத விடு."

கடைசிக் கட்டம் வந்தது. 'யாருடைய தவறு.' நான் படிவத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அவள் முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாக, அப்பா வீட்டுப் பெயரும் அம்மா வீட்டுப் பெயரும் விடாமல், எழுதி முடித்தாள்: ஒதிலியா மெர்செதெஸ் பாஸ் லுக்ஸெம்போ.